செலவுடன் அனுமதிக்கப்படுகிறது

போன வாரம் எங்கள் பழைய கோர்ட்டிலிருந்து சுகந்தி ஃபோன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது அவள் தட்டச்சர். இப்போது பெஞ்ச் கிளார்க். வாகன விபத்தில் அடிபட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்கும்போது, மொத்தம் எவ்வளவு, வட்டி எவ்வளவு, வக்கீலுக்கு எவ்வளவு என்று மனுதாரருக்கே தமிழில் எழுதிக் கொடுக்க ஒரு படிவம் தயார் செய்கிறார்களாம்.

"மேடம், காஸ்ட்ஸுக்குத் தமிழ்ல செலவுன்னே போட்டுடலாமா? நீங்கதான் அந்தக் காலத்துலேயே கோர்ட் டிகிரியத் தமிழ்ல டைப் அடிச்சவங்க."

நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து, தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் நான் ஃபோனைப் பிடித்தபடி அங்கேயே நின்றுகொண்டிருப்பது தெரிந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த ஒரு சொல்லைக் கேட்டால் நான் இப்படித்தான் நின்றுவிடுகிறேன்.

நான் சுபாவத்திலேயே பயந்தாங்கொள்ளி. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு ஹையர் முடித்து, தேர்வு எழுதி, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் செங்கல்பட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை, அங்கேயே குவார்ட்டர்ஸ். தினமும் திருக்கழுக்குன்றத்தில் பஸ் மாறி வர வேண்டும். பஸ் வராமல் போய்விடுமோ, வந்தாலும் நிற்காமல் போய்விடுமோ என்ற கவலையிலேயே என் காலைப்பொழுதுகள் கழிந்தன. "உன்ன மாதிரி ஆளுக்குக் கோர்ட் உத்யோகம்தான் லாயக்கு. தப்பு வரவே வராது" என்று அவர் கிண்டல் செய்வார்.

எங்கள் சிரஸ்தார் பெயர் வரதன். நீதிபதியின் மேசைக்குப் போகிற எந்தக் காகிதமும் சிரஸ்தாரின் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒல்லியான மனிதர், அதிர்ந்து பேச மாட்டார். பேசாமலே இருப்பார் என்பதுதான் சரி. காலையில் வந்ததும் பழைய செய்தித்தாளை விரித்து, பாதி பிளேடால் நீல பென்சிலைச் சீவுவார். சீவல் ஒன்றுகூட மேசையில் விழாது. அந்தப் பென்சில் நம் காகிதத்தில் இறங்கினால் அந்தப் பக்கம் முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டும். ஏன் என்று சொல்ல மாட்டார். நாமே கண்டுபிடிக்க வேண்டும்.

அவரிடம் ஒப்பு நோக்குவது தனி அனுபவம். தீர்ப்பு சொன்ன பிறகு, அதன் சாரத்தை டிகிரியாக, அதாவது தீர்ப்பாணையாக, நாங்கள் தட்டச்சு செய்வோம். நீதிபதி கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதைத் தீர்ப்போடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். மற்ற இடங்களில் கண்ணால் ஓட்டிவிட்டு இனிஷியல் போட்டுவிடுவார்கள். வரதன் சாரிடம் அது நடக்காது. நான் உரக்கப் படிக்க வேண்டும், அவர் தீர்ப்பைப் பார்த்துக்கொண்டே கேட்பார். எழுத்தை மட்டும் படித்தால் போதாது. "மனுதாரர் கமா கோவளம் கமா என்பவருக்கு" என்று நிறுத்தற்குறிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பத்தி முடிந்தால் "புள்ளி, புதுப் பத்தி". வீட்டில் குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும்போதுகூட எனக்கு "புள்ளி" என்று வந்துவிடும்.

சேர்ந்த முதல் நாள் அவர் எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிக்கிறவங்களுக்குத் தேதி மட்டும் சொல்லும்மா. வேற எது சொன்னாலும் அது நீ சொன்ன தீர்ப்பாயிடும்."

அதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பயப்படுகிறவளுக்கு அதைவிட வசதியான கட்டளை ஏது? அதை மீறினால் மெமோ, பிறகு பதினேழு-பி என்று கற்பனை செய்துகொள்வேன். பதினேழு-பி என்பது அரசு ஊழியரின் வேலையையே பறிக்கக்கூடிய ஒழுங்கு நடவடிக்கைக் குற்றச்சாட்டு.

விபத்து மனுக்கள் எங்கள் கோர்ட்டில் மலைபோலக் கிடந்தன. கடற்கரைச் சாலை அகலமாக அகலமாக மனுக்களும் கூடின. அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே யாராவது வக்கீலின் குமாஸ்தா போய் வக்காலத்தில் ரேகை வாங்கிவிடுவார். இதைத் தப்பு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. போலீஸ் ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். நகல் வாங்குவது, காயச் சான்றிதழுக்கு அலைவது, டாக்டரைச் சாட்சிக்குக் கூட்டி வருவது எல்லாம் அந்த வக்கீல்களின் கைக்காசில்தான் நடக்கும். வழக்கு முடிய நாலைந்து வருஷம் ஆகும். அதுவரை ஒரு பைசா கேட்க மாட்டார்கள். எவ்வளவு வேண்டும் என்று சொல்லவும் மாட்டார்கள். அந்தப் பேச்சு செக் வருகிற வாரத்தில்தான் தொடங்கும். டீக்கடை பெஞ்சில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடும். எங்கள் கவுண்டருக்கு வராது.

எங்கள் கவுண்டரில் இருந்ததெல்லாம் 'செலவு' என்ற அந்தச் சொல்தான். அப்போது தமிழில் தீர்ப்பு எழுதுகிற நீதிபதி ஒருவர் எங்களுக்கு வாய்த்திருந்தார். மனுதாரர் ஜெயித்தால் கடைசி வரி இப்படி இருக்கும்: "மனு செலவுடன் அனுமதிக்கப்படுகிறது." அதாவது, ஜெயித்தவர் வழக்குக்காகச் செய்த செலவையும், வக்கீல் கட்டணமாகக் கோர்ட் நிர்ணயிக்கிற ஒரு சிறு தொகையையும் சேர்த்து, தோற்றவர்தான் கொடுக்க வேண்டும். செலவு என்பது எங்களுக்கு, ஜெயித்தவருக்கு வருகிற பணம். நல்ல செய்தி. வெளியே இருக்கிறவர்களுக்குச் செலவு என்றால் கையை விட்டுப் போகிற பணம். இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் உறைக்கவில்லை.

கன்னியம்மாள் கோவளத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்தவர். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். கூடையோடு சாலையைக் கடக்கும்போது வேன் மோதித் தொடை எலும்பு முறிந்துவிட்டது. உள்ளே வைத்த கம்பி சரியாகப் பொருந்தாததால் மறுபடி ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது. தீர்ப்பு வந்ததற்கு மறுநாள் கம்பை ஊன்றிக்கொண்டு கவுண்டருக்கு வந்தார்.

"எம்மா, தீர்ப்புல செலவோடன்னு போட்டுகீதாமே, நெஜமா?"

தீர்ப்பைத் தட்டச்சு செய்தவளே நான்தான். தேதி மட்டும் சொல்ல வேண்டும் என்று தெரிந்தாலும், நல்ல செய்தி என்றால் மட்டும் வாய்விட்டுச் சொல்லிவிடுவேன்.

"ஆமாம்மா. செலவோடதான் குடுத்திருக்காங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அவர் முகம் சுருங்கியது. கால் வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கம்பை எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு மாதம் போயிருக்கும். இன்ஷூரன்ஸ் கம்பெனி அப்பீல் எதுவும் போகாமல் பணத்தைக் கட்டிவிட்டது. செக் கேட்டு மனுவும் போட்டாகிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமல்லபுரம் பஸ்ஸில் எனக்கு ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. நிமிர்ந்து பார்த்தால் என் இருக்கைக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி கன்னியம்மாள் நிற்கிறார். நான் எழுந்தேன்.

"வாணாம் மேடம். குந்தினா இந்தக் காலு மடங்காது. நின்னுகினே வந்துட்றேன்."

"எப்ப ஆபரேஷன்?"

"பொங்கலுக்கு முன்ன பண்ணணுமாம். இல்லாட்டி முட்டி இப்டியே நின்னுக்கும்னு டாக்டரு சொல்லிகினாரு. குந்தினாத்தான மேடம் எனக்கு யாவாரம்? நின்னுகினு மீனு விக்க முடியுமா?"

பஸ் குலுங்கியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் குனிந்து தாழ்ந்த குரலில் கேட்டார். "ஜட்ஜய்யாகிட்ட ஒரு மனு போட்டா அந்தச் செலவக் கொஞ்சம் கொறைப்பாங்களா?"

"எந்தச் செலவு?"

"அதான், தீர்ப்புல போட்ட செலவு. மூணுல ஒரு பங்கு வக்கீலய்யாக்குக் குடுத்தாவணுமாமே. குமாஸ்தா சொன்னப்ப நான் நம்பல. ஜட்ஜே போட்டுகீறாரு, வோணும்னா ஆபீஸ்ல கேட்டுக்கன்னாரு. நீங்க சிரிச்சுகினே ஆமான்னீங்க. அப்பால நான் இன்னா பேசறது? வெள்ளப் பேப்பர்ல ரேகை வச்சுக் குடுத்துட்டேன். அவ்ளோ போய்ட்டா ஆபரேசனுக்குப் பத்தாது மேடம்."

இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அது நீ சொன்ன தீர்ப்பாயிடும் என்ற குரல் உள்ளே கேட்டது. பஸ் முழுக்கச் செங்கல்பட்டு ஆட்கள். யாராவது கேட்டுப் போய் அந்த வக்கீலிடம் சொன்னால்? நான் தட்டச்சு செய்பவள், சட்டம் சொல்ல நான் யார்? இப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே திருக்கழுக்குன்றம் வந்துவிட்டது.

"செவ்வாய்க்கிழமை செக் குடுப்பாங்க. வந்துடுங்க" என்றேன். தேதி மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். அன்றைக்கு என்னைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. தப்பாக எதுவும் சொல்லவில்லையே என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். சொன்னது உண்மைதான். தீர்ப்பில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்த உண்மையை வைத்துத்தான் அந்தம்மாவின் வாயை அடைத்திருக்கிறார்கள். என் கணவர் காரணம் கேட்டார். பஸ்ஸில் தலைசுற்றியது என்று பொய் சொன்னேன்.

ஒரே ஒரு வழி இருந்தது. அந்த வழக்குக்கு டிகிரி இன்னும் தட்டச்சு ஆகவில்லை. எங்கள் அலுவலகத்தில் டிகிரி எப்போதும் பின்தங்கியே இருக்கும். திங்கள்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் போய் மெஷினில் தாளைச் செருகினேன். வழக்கமான வாசகத்துக்குக் கீழே இதைச் சேர்த்தேன்: "மேற்படி செலவை எதிர்மனுதாரர்தான் மனுதாரருக்குக் கொடுக்க வேண்டும், மனுதாரர் எவருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை."

மத்தியானம் ஒப்பு நோக்க உட்கார்ந்தோம். கமா, புள்ளி என்று படித்துக்கொண்டே வந்தேன். அந்த வரி நெருங்கியது. தாவிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. தாவவில்லை. படித்தேன்.

வரதன் சார் தீர்ப்பிலிருந்து கண்ணை எடுத்தார். கையை நீட்டி என் தாளை வாங்கிக்கொண்டார். நீல பென்சிலை எடுத்தார். என் வேலை போயிற்று என்றே முடிவு செய்துவிட்டேன்.

"கொடுக்க வேண்டும்" என்பதற்குப் பிறகு இருந்த கமாவைச் சுழித்து, அங்கே ஒரு புள்ளி வைத்தார். அதற்குப் பிறகு இருந்ததை முழுக்க அடித்தார்.

"இது வரைக்கும் தீர்ப்புல இருக்கு. இதுக்கு மேல உன் மனசுல இருக்கு. வக்கீல் வேலை பார்த்திருக்கார், அவருக்கு ஃபீஸ் உண்டு. எவருக்கும் எதுவும் வேண்டியதில்லைன்னு நாம எப்படிச் சொல்றது?"

"சார், அந்தம்மா..."

"திரும்ப அடிச்சுக் குடு. நாலு மணிக்கு ஐயா கையெழுத்துக்குப் போகணும்."

யார் அந்தம்மா, என்ன நடந்தது என்று அவர் கேட்கவே இல்லை. திரும்ப அடித்துக் கொடுத்தேன். பாதி வரி தப்பித்ததே என்று சந்தோஷப்படவும் முடியவில்லை. டிகிரி கட்டுக்குள் போய்விடும். எழுதப் படிக்கத் தெரியாத கன்னியம்மாள் அதை எப்படிப் பார்ப்பார்?

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குக் கன்னியம்மாளைக் கூட்டிக்கொண்டு குமாஸ்தா மாசிலாமணி வந்தார். அவரை வில்லனாகக் காட்ட எனக்கு மனமில்லை. விதவைகளுக்கு ஓசியில் மனு எழுதிக் கொடுப்பார், யாருக்காவது மயக்கம் வந்தால் ஓடிப்போய் சோடா வாங்கி வருவார். வக்கீல் சொன்னதை அவர் செய்தார். அன்றைக்கும் அந்தம்மாவின் பையை அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார்.

செக்கைக் கொடுப்பதற்கு முன் பதிவேட்டில் ரேகை வாங்க வேண்டும். ரேகைக்கு மேலே ஒரு வாசகம் இருக்கும்: "உத்தரவைப் படித்துக் காட்டி, சரி என ஒப்புக்கொண்ட பின் வைத்த இடது பெருவிரல் ரேகை." நூற்றுக்கணக்கான தடவை அதை என் கையால் எழுதியிருக்கிறேன். யாருக்கும் எதையும் படித்துக் காட்டியதில்லை. எல்லோரும் எழுதுவார்கள், நானும் எழுதுவேன். மைப் பெட்டியை நகர்த்தி வைத்தேன்.

பின்னாலிருந்து வரதன் சாரின் குரல் வந்தது. "படிச்சுக் காட்டும்மா."

திரும்பிப் பார்த்தேன். அவர் மேசை இழுப்பறையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

டிகிரியை எடுத்தேன். தாளைக் கவுண்டர் பலகையில் வைத்து அழுத்திக்கொண்டேன். அவரிடம் படித்த பழக்கம், என்னை அறியாமல் அப்படியே வந்தது.

"மேற்படி செலவை எதிர்மனுதாரர்தான் மனுதாரருக்குக் கொடுக்க வேண்டும் புள்ளி."

கன்னியம்மாள் என்னையே பார்த்தார். "இன்னொருவாட்டிப் படி."

படித்தேன்.

"மனுதாரருன்னா நானு. எதிரு, அந்த வேன்காரனும் கம்பெனியும். அப்ப செலவு எனக்கு வர்றதா, நான் குடுக்கறதா?"

இப்போது தேதி சொல்ல முடியாது. "உங்களுக்கு வர்றது" என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

"கடைசில இன்னாவோ புள்ளின்னியே, அது இன்னா?"

"புள்ளின்னா அதோட முடிஞ்சதும்மா. தீர்ப்புல செலவுன்னு சொன்னது அவ்வளவுதான். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல."

மாசிலாமணியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கன்னியம்மாள் பார்த்தார். கத்தவில்லை. மீன் பேரம் பேசுகிறவரின் நிதானத்தோடு கேட்டார்.

"இன்னா அண்ணாத்த இது?"

"அதில்லக்கா, வக்கீலய்யா நாலு வருசமா ஒனக்காக..."

"ஒழைச்சாரு. நான் இல்லன்னு சொன்னனா? அவுரு கூலிய நான் குடுக்கறேன். அத ஃபீஸுன்னு சொல்லிக் கேளு. ஜட்ஜு போட்ட செலவுன்னு சொல்லிக் கேக்காத. எவ்ளோ, எதுக்குன்னு எழுதிக் குடு, எம்பொண்ணு படிச்சுச் சொல்லட்டும். நான் ரேகை வச்ச பேப்பரக் குடுத்துட்டு அப்பால பேசு."

மாசிலாமணி கையிலிருந்த கட்டைப் பிரித்து, அந்த வெள்ளைத் தாளை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். கன்னியம்மாள் அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, எங்கள் பதிவேட்டில் பெருவிரலை அழுத்தினார். ரேகை தெளிவாக விழுந்தது.

பிறகு ஃபீஸ் எவ்வளவு என்று பேசி முடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்த வக்கீல் சும்மா இருக்கவில்லை. ஊழியர்கள் கட்சிக்காரர்களைத் தூண்டிவிடுகிறார்கள் என்று நீதிபதியிடம் எழுத்து மூலம் புகார் கொடுத்தார். மூன்று மாதம், தபால் கட்டு பிரிக்கும் நேரம் வந்தால் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். கனவில் பதினேழு-பி வந்தது. நிஜத்தில் ஒன்றும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று வரதன் சாரிடம் கேட்கவும் பயம். பல வருஷம் கழித்து நானே சிரஸ்தாராகி அந்த இழுப்பறைச் சாவி என் கைக்கு வந்தபோது பழைய கோப்பில் அந்தப் புகாருக்கு அவர் கொடுத்த பதிலின் நகலைப் பார்த்தேன். ஒரே வரி. "படித்துக் காட்டி என்று பதிவேட்டில் உள்ளதால் படித்துக் காட்டப்பட்டது." அதற்குள் அவர் இறந்துபோய் ஆறு மாதம் ஆகியிருந்தது. கோப்பை வைத்துக்கொண்டு அங்கேயே அழுதேன்.

கன்னியம்மாளை ஒரே ஒரு முறை பார்த்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு, விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு கோவளம் போனபோது, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் அலுமினியத் தட்டில் சங்கரா மீனைப் பரப்பி வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். குந்தியிருந்தார் என்பதை நான் இரண்டு தடவை பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டேன். அவர் என்னைக் கண்டுகொண்டார்.

"த பாரு, புள்ளி மேடம்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்கு வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கன்னியம்மாளுக்கு முன்னால் எத்தனை பேர் கவுண்டருக்கு வந்து இதே கேள்வியைக் கேட்டார்கள்? எத்தனை பேருக்கு நான் சிரித்துக்கொண்டே ஆமாம் என்று சொன்னேன்? அவர்கள் ஒருவர் முகமாவது நினைவுக்கு வருகிறதா என்று இன்றுவரை முயன்று பார்க்கிறேன். வரவில்லை. எனக்கு அதுதான் பயம்.

சுகந்தி ஃபோன் செய்ததற்கு மறுநாள் நானே அவளைக் கூப்பிட்டேன்.

"செலவுன்னு போடாதம்மா. 'எதிர்த்தரப்பு உங்களுக்குக் கொடுக்க வேண்டிய வழக்குச் செலவு'ன்னு போடு. அதுக்குக் கீழ தனியா 'நீங்கள் உங்கள் வக்கீலுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட கட்டணம்'னு போடு. ரெண்டையும் ஒண்ணா எழுதிடாத."

எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. பிறகு கொஞ்சம் தயங்கினாள்.

"மேடம், படிவத்துல கட்டம் ரொம்பச் சின்னது. இவ்வளவும் அதுல அடங்காதே."

"அப்ப கட்டத்தைப் பெரிசு பண்ணு" என்றேன். "பண்ணிட்டு, ரேகை வாங்கறதுக்கு முன்னாடி படிச்சுக் காட்டு."